மூன்று பேர் பந்தி

அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. வேண்டுமென்றேதான். சாயங்காலம் திருச்சிக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிடப் போகிறோம், அதற்கு இடம் காலியாக இருக்கட்டும் என்று, அரியலூரில் நான் வேலை பார்த்த கடலை மண்டியில் மோரைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பசி வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். என்னோடு பழகியவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஆகவே இங்கே நான் எழுதப்போகிற கோபத்தில் பாதியைப் பசியின் கணக்கில் வைத்துவிடலாம். மீதிப் பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். அரியலூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவனுக்குச் சிறுவாச்சூர். டிரங்க் ரோட்டை ஒட்டி நிலமும் கிணறும் உள்ள குடும்பம். அவனைச் சிறுவாச்சூரான் என்றே கூப்பிடுவோம். இன்னொருவன் பெரம்பலூரில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவன் எங்களுக்குப் பாய். நாங்கள் அவனுக்கு மாப்ளே. யுத்தம் முடிந்து கப்பல் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. பினாங்கில் கடை வைத்திருந்த அவனுடைய மாமா ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை அவன் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏற வேண்டும். திரும்பி எப்போது வருவான் என்று அவனுக்கும் தெரியாது, அவன் வீட்டுக்கும் தெரியாது.

போவதற்கு முன்னால் அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும். அத்தனை வருஷம் கூடித் திரிந்தவர்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லையா என்று இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே புளியமரத்தடியில் அவரவர் தூக்குச்சட்டியைத் திறந்து தின்றிருக்கிறோம். அது பந்தி இல்லை. ஒரே சட்டியில் ஆக்கியதை, ஒரே வரிசையில் இலை போட்டு, ஒரே கை பரிமாறிச் சாப்பிடுவதுதான் பந்தி. அது எங்களுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு அவன் வந்தால் என் அம்மாவுக்குக் கொள்ளைப் பிரியம். அவனுக்கென்று முறுக்கு எடுத்து வைப்பாள். ஆனால் சாப்பாடு மட்டும் வண்டிக் கொட்டகையில். பக்கத்தில் நின்று அவளே பரிமாறுவாள். சாப்பிட்டு முடித்ததும் இலையை அவனே எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வருவான். நானும் போய்க் கூட உட்காருகிறேன் என்றால் அப்பா ஒரு பார்வை பார்ப்பார். பாயின் அக்காள் கல்யாணத்தில் கதை நேர்மாறு. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு சைவச் சமையல்காரரை அமர்த்தி, தனிப் பந்தல் போட்டு, சாம்பாரும் வடையுமாகத் தடபுடல் செய்திருந்தார்கள். பாய் வந்து வந்து எங்களைக் கவனித்தானே தவிர உட்காரவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் மரியாதைதான். அந்த மரியாதையைத் தாண்டி ஒரு வாய் பிரியாணி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திருச்சியில் அப்படியெல்லாம் இல்லை என்று பாய்தான் சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கே யாருக்கு யாரைத் தெரியும் என்பான். தர்கா பக்கத்துத் தெருவில் கம்பியில் கோத்துச் சுட்ட கறி, மலையாளத்துக்காரர் கடையில் புட்டும் கடலையும், சேட்டு கடையில் நெய் சொட்டும் இனிப்பு, பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் கேக்கு, பர்மாவிலிருந்து வந்தவர்கள் வண்டியில் வைத்து விற்கும் ஏதோ ஒரு பதார்த்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று அலுத்துப்போன காலம். அவன் சொல்லச் சொல்ல எனக்கு வாயில் எச்சில் ஊறும். அந்தச் சித்திரை மாதத்துச் சனிக்கிழமைக்கு நாள் குறித்தோம்.

மத்தியான ரயிலுக்கு நான் அரியலூர் ஸ்டேஷனில் காத்திருந்தேன். அவர்கள் இருவரும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் அப்போது கரி போட்டு ஓட்டும் பஸ்தான். பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி வைத்து, அதன் புகையில் ஓடும். ஓடும் என்பது பேச்சுக்குத்தான். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ரயில் வந்தது, நின்றது, போயும் விட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் முகமெல்லாம் கரியாக வந்து சேர்ந்தார்கள். பஸ் மூன்று இடத்தில் நின்றுவிட்டதாம். நான் அடுத்த வண்டிக்கு நேரம் கேட்கப் போய்விட்டேன். பேசினால் சண்டை வந்திருக்கும்.

அந்த வெயிலில் சிறுவாச்சூரான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் மாட்டியிருந்தான். வேர்த்து ஊற்றியது. டவுனுக்குப் போவதால் மாப்பிள்ளை வேஷமா என்று பாய் கேலி செய்தான். அவன் சிரித்து மழுப்பிவிட்டான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பசியில் மூளை வேலை செய்யவில்லை.

அடுத்த பாசஞ்சரைப் பிடித்துத் திருச்சி போய் இறங்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரே ஜனம். எண்ணெய்ப் பலகாரத்தின் மணம் ஒரு பக்கம், மல்லிகைப் பூ ஒரு பக்கம், வறுத்த காப்பிக்கொட்டை ஒரு பக்கம். தெலுங்கு, உருது, மலையாளம், இங்கிலீஷ் எல்லாம் காதில் விழுந்தன. பாய் சொன்னது பொய்யில்லை, இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள் என்று எனக்கும் தோன்றியது. எங்களை இடித்துக்கொண்டு போனவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாய்க்குத் தெரிந்த பிரியாணிக் கடை. உள்ளே நீளமான மேசை. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். பாய் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். மூன்று இலை வந்தது. பாய் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறந்த சத்தம் கேட்டது. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இலையில் தண்ணீர் தெளிப்பதற்காகச் சிறுவாச்சூரான் சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு. புத்தம் புதிது, மஞ்சள்கூட உலரவில்லை. அவன் சட்டென்று கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அதற்குள் கடைக்காரர் பார்த்துவிட்டார். நரைத்த தாடியும் லுங்கியுமாக இருந்த அவர் எங்கள் மேசைக்கு வந்து, எந்தக் கோவில் காப்பு என்று கேட்டார். சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு என்றான் இவன். தீச்சட்டி எடுக்கப்போவதாகவும் மெல்ல ஒப்புக்கொண்டான். பிறகு, கறி வேண்டாம், தனக்கு வெறும் சோறு மட்டும் போட்டால் போதும் என்றான்.

"சட்டி ஒண்ணுதானே தம்பி," என்றார் அவர். "ஒங்களுக்கு நான் போட மாட்டேன். ஒங்க வேண்டுதலுக்கு நான் குறுக்க நிக்கக் கூடாது."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் அவ்வளவு பதவிசாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவன் முன்னால் இருந்த இலையை, கிழியாமல், இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடுங்கள், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் பந்திதானே என்றான் சிறுவாச்சூரான். பாய் எழுந்துவிட்டான். அவன் எழுந்த பிறகு நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? மூடிய தேக்சாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சந்தில் வைத்து அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். காப்புக் கட்டியவன் கறிக்கடைக்கு எதற்கு வந்தாய், முன்னாலேயே சொன்னால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். அவன் தங்கைக்கு அம்மை போட்டிருந்ததாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவன் அம்மா வேண்டுதல் வைத்துவிட்டாள். அந்தக் கோவில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டாள்.

"சொன்னா வர வேணாம்னுருப்பீங்க. அவன் திங்கக்கெழம கெளம்புறான். அப்பறம் எங்க போயி ஒக்கார்றது?" என்றான்.

கோபத்தை முழுங்கினேன். வயிற்றில் வேறு எதுவும் இல்லாததால் அது அங்கேயே கிடந்து எரிந்தது. பாய்க்குக் கோபமே இல்லை. நல்ல காரியம்தானே, சைவமாகவே சாப்பிட்டால் போச்சு, மூன்று பேரும் ஒரே பந்தியில் என்பதுதானே பேச்சு என்று எங்கள் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு நடந்தான்.

நல்ல கூட்டமுள்ள சைவ ஓட்டல் ஒன்றுக்குப் போனோம். வாசலிலேயே கல்லாவில் இருந்தவருடைய பார்வை பாயின் தொப்பியில் நின்றது. அவரும் மரியாதையாகத்தான் பேசினார். அன்றைக்கு எங்களை யாருமே மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, அதுதான் என் ஆத்திரம். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்காரலாமாம். பாய்க்குப் பின்கட்டில் தனியாக இடம் இருக்கிறதாம், பலகாரம் எல்லாம் அதே பலகாரம்தானாம். அப்படியானால் நாங்களும் பின்கட்டுக்கே போகிறோம் என்றேன். அது வழக்கமில்லை, நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்றார். எந்த நாலு பேர், கூப்பிடுங்கள், நானும் பார்க்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கப் போனான்.

நான் அவன் கையைப் பிடித்து அந்தத் தொப்பியைத் திரும்ப அவன் தலையிலேயே வைத்தேன். கோணலாக உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழுதால் பசியினால் அழுகிறேன் என்று நினைப்பார்களே என்று விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டேன்.

கடைசியாகத்தான் அந்த பர்மா வண்டியைப் பார்த்தோம். கோட்டை ஸ்டேஷன் பக்கம், விளக்குக் கம்பத்தின் கீழே நின்றது. வண்டிக்காரர் யுத்தத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவராம். நீளநீளமாகச் சேமியா போன்ற ஒன்றை அவித்து, முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்தார். அதற்கு அவர் சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை. அங்கே கூடம் இல்லை, பின்கட்டு இல்லை, கல்லா இல்லை. எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முட்டை வேண்டாமென்றால் போடமாட்டேன் என்றார். மூன்று தட்டும் எங்கள் கைக்கு வந்துவிட்டன. நான் ஒரு கை அள்ளியும் விட்டேன். அப்போது சிறுவாச்சூரான் தட்டைக் கூர்ந்து பார்த்து, மேலே தூவியிருக்கிறதே, இது என்ன பொடி என்று கேட்டான். கூனிக் கருவாட்டுப் பொடி, அது இல்லாமல் ருசியே வராது என்றார் அந்தப் புண்ணியவான், பெருமையாக.

மூன்று தட்டையும் அப்படியே வைத்துவிட்டு வந்தோம். அள்ளியதை நானும் தின்னவில்லை.

அரியலூருக்குப் போகிற வண்டிக்கு நேரம் நெருங்கியது. அதை விட்டால் விடிந்த பிறகுதான். ஜங்ஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் நின்றோம். எதிரே சாப்பாட்டு அறைகள். ஒரு கதவுக்கு மேல் இந்துக்கள் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த கதவுக்கு மேல் முகம்மதியர் என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்த இரண்டு பலகைகளையும் நான் எத்தனையோ தடவை பார்த்தவன்தான். அன்றைக்குத்தான் படித்தேன். கல்லெடுத்து எறியலாமா என்று இருந்தது. பிளாட்பாரத்தில் கல்கூட இல்லை.

நான் பாயோடு போனால் சிறுவாச்சூரான் தனி. இவனோடு போனால் பாய் தனி. என்ன செய்வது என்று நான் தவித்துக்கொண்டு நின்றபோது பாயே முடிவு சொன்னான்.

"நீ அவங்கூடப் போ மாப்ளே. நான் அந்தப் பக்கம் செவுத்த ஒட்டி ஒக்கார்றேன். நீங்க இந்தப் பக்கம் செவுத்த ஒட்டி ஒக்காருங்க. நான் தட்டுறேன், நீங்க தட்டுங்க. ஒரே பந்தின்னு வச்சுக்குவோம்."

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதவுக்குள் நுழையும் முன் திரும்பி, செவுத்தோரம், செவுத்தோரம் என்று கையால் காட்டிவிட்டுப் போனான்.

உள்ளே போனால் சுவரை ஒட்டி ஒரே ஒரு மேசை. அதில் தடித்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலி ஒன்றில் அவர், ஒன்றில் அவருடைய படுக்கைச் சுருட்டு, ஒன்றில் கூஜா, இன்னொன்றில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். நான் போய்க் கைகூப்பாத குறையாகக் கேட்டேன். எங்கள் சிநேகிதன் அந்தப் பக்கம் இருக்கிறான், கொஞ்சம் இடம் விட்டால் போதும் என்றேன். அவருக்கு அது என்ன நியாயம் என்றே விளங்கவில்லை. ஆள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு இட்லியில் கையை வைத்தார். வேறு இடம் நிறையக் கிடக்கிறதே, போய் உட்காருங்கள் என்று பரிமாறுகிறவரும் எங்களை வாசல் பக்கத்து மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

எங்களுக்கும் இட்லி வந்தது. காலையிலிருந்து காத்திருந்த வயிறு அதை வாங்க மறுத்தது. அப்போது சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். பாய்.

நான் எழுந்தேன். சிறுவாச்சூரான் என் கையைப் பிடித்து இழுத்தான். மறுபடி டொக், டொக், டொக். தடித்த மனிதர் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சாப்பிடுகிற இடத்தில் இது என்ன தொல்லை என்று பரிமாறுகிறவரிடம் இரைந்தார். மூன்றாவது தடவை கேட்டதும், இடதுகை முஷ்டியை மடக்கிச் சுவரில் ஓங்கி மூன்று குத்துக் குத்தினார். சும்மா இரு என்று அர்த்தம்.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள், டொக்டொக்டொக்டொக் என்று கல்யாண மேளம் மாதிரி. இவர் முகம் சிவந்து மறுபடியும் குத்தினார். அவன் மறுபடியும் தட்டினான். அவருக்கு ஏற ஏற அவனுக்குக் குஷி ஏறியது. நாங்கள் இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரை எழுப்பித் தள்ளிவிட்டு நான் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும் என்று கை துடித்தது. தள்ளினால் போலீஸ் வரும், வண்டி போய்விடும், பாய் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே வந்தபோது பாய் கையைக் கழுவித் துண்டில் துடைத்தபடி நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பிரியாணிக் கடையில் இலை போட்டதும் பார்த்த அதே முகம்.

"நல்லா ஓங்கித்தான் தட்டுனீங்கடா. எனக்குத் தட்டே ஆடுச்சு," என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிறுவாச்சூரான் முந்திக்கொண்டான்.

"இவந்தான் தட்டுனான் பாய். கை செவந்து போச்சு அவனுக்கு."

பாய் என் கையைத் தேடிப் பிடித்து, சிவந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினான். வண்டி வரும் வரைக்கும் விடவில்லை. திங்கட்கிழமை கப்பல் ஏறினான். பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தவர்களிடமெல்லாம், நாங்கள் மூன்று பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்ட கதையை அவன் அங்கே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் திரும்பி வரவே இல்லை. போன இடத்திலேயே அடங்கிவிட்டான்.

பிரியாணிக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லாக்காரரைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தப் பலகைகளும் அடுத்த சில வருஷங்களில் இறங்கிவிட்டன. ஆனால் அந்தத் தடித்த மனிதர், யார் எவரென்று தெரியாது, எங்கள் பந்தியில் என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். என் சிநேகிதனோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர் அவர்தான். அவர்மேல் இருக்கிற கோபம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.